பெயருக்கு ஒரு விலை! மருந்துக்கு ஒரு விலை!

காய்ச்சல் கண்டதும் விழுங்குகிறோமே, அந்த வெள்ளை மாத்திரைக்கு எத்தனை பெயர்கள் உண்டென்று எண்ணிப் பார்த்ததுண்டா? டோலோ என்கிறார் ஒருவர். கால்பால் என்கிறார் மற்றொருவர். குரோசின் தாருங்கள் என்று கடையில் கை நீட்டுகிறார் மூன்றாமவர். மூன்று மருந்து வாங்கியதாக எண்ணிக்கொண்டு மூவரும் மூன்று தெருவுக்குப் போகிறார்கள். மூவர் பையிலும் இருப்பது ஒரே பொருள்! அளவிலே 500 மில்லிகிராம், 650 மில்லிகிராம் என்று வேற்றுமை இருக்கலாம். பொருளிலே வேற்றுமை இல்லை. பாராசிட்டமால் என்பது அதன் இயற்பெயர். மற்றவையெல்லாம் முதலாளிகள் சூட்டிய பட்டப்பெயர்கள்.

பட்டப்பெயர் சூட்டுவது யாருக்குப் புதிது? நம் மேடைகளில் மாலைக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று என்று சூட்டுகிறோம். அதனால் எவருக்கும் பணச் சேதமில்லை. கேட்பவர் காதுக்குத்தான் கொஞ்சம் சேதம். மருந்துக்குச் சூட்டப்படும் பட்டம் அத்தகையதன்று. அந்தப் பட்டத்திற்கு விலை உண்டு. அந்த விலையை மில் தொழிலாளியும், வயலில் குனிந்து நிமிரும் தாயும், ஓய்வூதியத்தை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் முதியவரும் ஒவ்வொரு திங்களும் தம் மடியிலிருந்து அவிழ்த்துக் கொடுக்கிறார்கள். கொடுத்துவிட்டு, "விலை கூடினாலும் நல்ல மருந்து" என்று மனநிறைவும் கொள்கிறார்கள்! பறிகொடுத்தவனே பறித்தவனைப் பாராட்டும் விந்தையை வேறெந்தச் சந்தையில் காண முடியும்?

புதிய மருந்தொன்றைக் கண்டுபிடித்தவனுக்குச் சட்டம் இருபது ஆண்டுக் காப்புரிமை தருகிறது. அந்தக் காலத்தில் அவனன்றி வேறெவரும் செய்து விற்க முடியாது. காலம் முடிந்ததும், உரிமம் பெற்ற எந்த நிறுவனமும் அதே மருந்தைச் செய்யலாம். ஜெனரிக் என்று கூறப்படும் பொதுப்பெயர் மருந்து இதுதான். உலக நலவாழ்வு நிறுவனம் 1953-ஆம் ஆண்டிலிருந்து இந்த இயற்பெயர்களைப் பட்டியலிட்டு வெளியிட்டு வருகிறது. எந்த நாட்டு மருத்துவரும் எந்த நாட்டுச் சீட்டையும் படித்தறிய வேண்டும் என்பது அதன் நோக்கம். அந்தப் பெயர் எவன் வீட்டுச் சொத்துமன்று.

"இருபது ஆண்டு உரிமை நியாயந்தானே, ஆராய்ச்சிக்குச் செலவாகவில்லையா?" என்பார்கள். ஆகத்தான் செய்கிறது. உழைத்துக் கண்டவனுக்கு ஊதியம் வேண்டாமென்று நான் கூறவில்லை. ஊதியம் எதுவரை, உறிஞ்சுதல் எங்கிருந்து என்பதே கேள்வி. கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் புற்று கண்டவர்களுக்குச் சோரஃபெனிப் என்றொரு மருந்து உண்டு. நெக்ஸவார் என்பது அதன் பட்டப்பெயர். பேயர் என்ற ஜெர்மானிய நிறுவனம் அதன் உரிமையாளர். ஒரு திங்களுக்கு அந்த மருந்தின் விலை 2,80,428 ரூபாயாக இருந்தது! ஆண்டுக்கன்று தோழர்களே, ஒரு திங்களுக்கு. 2012 மார்ச்சு 9-ஆம் நாள் காப்புரிமைத் தலைமை அதிகாரி, ஐதராபாத்தைச் சேர்ந்த நாட்கோ நிறுவனத்துக்குக் கட்டாய உரிமம் வழங்கினார். இந்திய நாட்டில் வழங்கப்பட்ட முதற் கட்டாய உரிமம் அது. நாட்கோ விற்க வேண்டிய விலை 8,880 ரூபாய். உரிமையாளருக்கு அதில் பங்கும் உண்டு. அதே மூலப்பொருள், அதே அளவு, அதே நோய். இரண்டு இலட்சத்து எழுபதாயிரத்துக்கு மேல் எங்கே போயிற்று? கொதிகலனுக்குள்ளா போயிற்று? ஆய்வுக்கூடத்துக் குடுவைக்குள்ளா ஆவியாயிற்று?

இந்த நாட்டில் மருந்து மலிந்தது தானாக நடந்ததன்று. வெள்ளையன் 1911-இல் போட்டுவைத்துப் போன காப்புரிமைச் சட்டந்தான் விடுதலைக்குப் பின்னும் ஆட்சி செய்தது. அந்நாளில் உலகத்திலேயே மருந்து விலை மிகுந்த நாடுகளின் வரிசையில் இந்தியா நின்றது. அதைச் சொன்னவர்கள் நம்மவர்களல்லர். அமெரிக்க மேலவையில் கெஃபாவர் என்பவர் தலைமையில் மருந்து விலையை ஆராய்ந்த குழுவே சொல்லிற்று. வறுமையிலே கடைசி, விலையிலே முதல்! இந்நிலையை ஆராய அமர்த்தப்பட்டவர் நம் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாயிருந்த ராஜகோபால அய்யங்கார். 1959-இல் அவர் அளித்த அறிக்கை, இங்குள்ள காப்புரிமைகளில் நூற்றுக்கு எண்பது முதல் தொண்ணூறு வரை அயலார் கையில் இருப்பதையும், அவற்றுள்ளும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை இந்த மண்ணில் உற்பத்திக்கே வராமல் முடங்கிக் கிடப்பதையும் எடுத்துக் காட்டிற்று. தானும் தின்னாமல் பிறரையும் தின்ன விடாத வைக்கோற்போர்க் காவல்!

அந்த அறிக்கையின் வழிவந்ததே 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம். மருந்து என்ற பொருளுக்கு உரிமை கிடையாது, அதைச் செய்யும் முறைக்கு மட்டுமே உரிமை என்றது அது. விளங்கச் சொன்னால், சாம்பார் வைக்க ஒருவன் கண்ட பக்குவம் அவனுக்கே சொந்தமாயிருக்கட்டும். சாம்பாரே அவனுக்குச் சொந்தமாகிவிட முடியாது. வேறு பக்குவத்தில் வைத்து அடுத்த வீட்டுக்காரி பரிமாறினால் அவள் கையைப் பிடிக்கச் சட்டத்துக்கு இடமில்லை. அந்த ஒரு கதவு திறந்ததும் இந்நாட்டு வேதியியலார் வேறு வேறு வழிகளில் மருந்து காய்ச்சக் கற்றார்கள். அதன் பயன் கடல் கடந்தும் போயிற்று. எய்ட்ஸ் நோய்க்கான கூட்டு மருந்து ஓர் ஆளுக்கு ஆண்டொன்றுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் விற்ற காலத்தில், 2001-இல், பம்பாயின் சிப்ளா நிறுவனம் அதை 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. ஆப்பிரிக்கக் கண்டத்தில் சாவுக்குக் காத்திருந்தோர் பிழைப்பதற்கு அந்த அறிவிப்பு ஒரு வாயிலாயிற்று.

2005-இல் உலக வணிக உடன்பாட்டுக்குக் கட்டுப்பட்டு, பொருளுக்கும் காப்புரிமை தர இசைந்தது இந்தியா. ஆயினும் நாடாளுமன்றம் ஒரு தாழ்ப்பாளையும் வைத்தது. 3(ஈ) பிரிவு என்பது அதன் பெயர். பழைய மருந்தின் உருவத்தைக் கொஞ்சம் மாற்றி, மேலான பயன் ஏதும் காட்டாமல், புதிய மருந்தென்று இன்னுமோர் இருபதாண்டு கேட்கக் கூடாது என்பது அதன் சாரம். அந்தத் தாழ்ப்பாளை உடைக்க முயன்ற வழக்கு நம் சென்னையில் தொடங்கியது என்பதைத் தோழர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிப் என்ற மருந்தைக் கிளிவெக் என்ற பெயரில் விற்றுவந்த நோவார்ட்டிஸ் நிறுவனம், அதன் படிக உருவம் ஒன்றுக்குக் காப்புரிமை கேட்டது. சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-இல் மறுத்தது. சட்டப் பிரிவே செல்லாது என்றார்கள். சென்னை உயர்நீதிமன்றம் 2007-இல் அதையும் தள்ளியது. டெல்லிக்குப் போனார்கள். 2013 ஏப்பிரல் 1-ஆம் நாள் உச்சநீதிமன்றம் கதவை அடைத்தது. திங்களுக்கு இலட்சத்துக்கு மேல் விற்ற மருந்துக்கு எதிரே, பத்தாயிரம் ரூபாயைச் சுற்றி விற்ற நம் நாட்டு மருந்து நிலைத்தது. அந்த நாளில் தீர்ப்பு மாறியிருந்தால் எத்தனை வீட்டில் தாலிக்கொடி அடகுக்குப் போயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!

இத்தனை போராடிப் பெற்ற மலிவு நம் தெருக்கோடி மருந்துக் கடைக்கு வந்து சேர்ந்ததா? இங்கேதான் பட்டப்பெயர் வந்து குறுக்கே படுக்கிறது. நாடகம் எழுதுகிற பழக்கம் எனக்கு உண்டல்லவா, ஒரு சிறு காட்சி எழுதிக் காட்டுகிறேன்.

இடம்: கடைத்தெரு, மருந்துக் கடை. காலம்: விளக்கு வைக்கும் நேரம்.

பெரியவர்: தம்பி, இந்தச் சீட்டில் எழுதியிருக்கும் மாத்திரையில் என்ன மருந்து இருக்கிறது?

கடைக்காரர்: பிரஷர் மாத்திரை, ஐயா.

பெரியவர்: அது நோயின் பெயரப்பா. மருந்தின் பெயரைக் கேட்டேன்.

கடைக்காரர்: (அட்டையைத் திருப்பிப் பார்த்து) அம்லோடிபின். ஐந்து மில்லிகிராம்.

பெரியவர்: அதே அம்லோடிபின், அதே ஐந்து மில்லிகிராம், விலை குறைவாக வேறு இருக்கிறதா?

கடைக்காரர்: இருக்கிறது, ஐயா. ஆனால் சீட்டில் உள்ளதைத்தான் நான் கொடுக்க வேண்டும். மாற்றினால் சட்டம் என் கழுத்தைப் பிடிக்கும்.

பெரியவர்: உள்ளே இருக்கும் மருந்து ஒன்றாக இருந்தாலுமா?

கடைக்காரர்: ஒன்றாக இருந்தாலும்.

திரை!

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. மருத்துவர் சீட்டின் பேரில் தரவேண்டிய மருந்துகளில், எழுதிய ஒன்றுக்கு மாறாக வேறொன்றை, உட்பொருள் ஒன்றாயிருந்தாலும், கடைக்காரர் தன் விருப்பில் தரக்கூடாதென்பது இந்நாட்டு விதி. ஆக, பூட்டு கடையில் இல்லை, பேனாவில் இருக்கிறது. சீட்டில் பட்டப்பெயர் எழுதப்பட்டால் பட்டத்தின் விலை. இயற்பெயர் எழுதப்பட்டால் மருந்தின் விலை. பிறகென்ன, அந்தப் பேனாவைச் சுற்றித்தானே தேனீக்கள் மொய்க்கும்! பையும் டையுமாக மருத்துவமனை வாயிலில் காத்து நிற்கும் விற்பனைப் பிரதிநிதியை நான் குறை சொல்லமாட்டேன். அவர் நம்மைப்போல் கூலிக்கு உழைப்பவர். அவர் பையில் எதை வைத்து அனுப்பினார்கள் என்பதையே கேட்கிறேன். மருத்துவர்களுக்குத் தந்த பரிசுப் பொருள்களைத் தொழிற் செலவு என்று கணக்கெழுதி வருமான வரிச் சலுகை கேட்டது ஒரு மருந்து நிறுவனம். முடியாது என்று 2022 பிப்பிரவரியில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பரிசு கொடுத்தார்கள் என்பதைவிட, அதைக் கணக்கில் எழுதும் அளவுக்குக் கூச்சமற்றுக் கொடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

நேர்மையான மருத்துவர்கள் ஆயிரமாயிரவர் உண்டு. அரசு மருத்துவமனையில் நாளுக்கு நூறு நோயாளிகளைப் பார்த்துக் களைத்த கையால் இயற்பெயரையே எழுதுகிறவர்கள் அவர்கள். நான் சாடுவது அவர்களையன்று.

பட்டப்பெயரை ஒழிக்க அரசு முயலவேயில்லையா? முயன்றது. முயன்றபோதெல்லாம் பின்வாங்கியது. ஜெய்சுக்லால் ஹாத்தி தலைமையில் அமைந்த குழு, 1975-இலேயே வணிகப் பெயர்களைப் படிப்படியாக நீக்கச் சொன்னது. முதற்படியாகச் சில மருந்துகளைத் தொட்டதுமே நிறுவனங்கள் நீதிமன்றம் ஏறின, திட்டம் படுத்துவிட்டது. 2023 ஆகஸ்டுத் திங்கள் தொடக்கத்தில் தேசிய மருத்துவ ஆணையம், இனி மருத்துவர்கள் இயற்பெயரையே எழுத வேண்டுமென்று விதி செய்தது. எதிர்ப்பு எழுந்தது. அத்திங்கள் முடிவதற்குள் அந்த விதி நிறுத்தி வைக்கப்பட்டது. தொட்டிலில் போட்ட பிள்ளைக்குப் பெயர் வைக்குமுன்னே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்!

அப்போது எழுந்த எதிர்ப்பின் குரலுக்கு விடை கூறாமல் போவது கோழைத்தனம். "பொதுப்பெயர் மருந்தின் தரத்துக்கு யார் பொறுப்பு?" என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. கேள்வியை வணங்கி வரவேற்கிறேன். ஆனால் அந்தக் கேள்வியை ஏன் பொதுப்பெயர் மருந்தை நோக்கி மட்டும் கேட்கிறீர்கள்?

இந்நாட்டில் பெரும் பெயரோடு விற்பவற்றில் மிகப் பல, தாமே கண்டுபிடித்த மருந்துகளல்ல. காப்புரிமை முடிந்த பொதுப்பொருள்தான், பட்டாடை உடுத்தி வருகிறது. அரங்கில் அரசனாக வந்தவரே அடுத்த காட்சியில் ஆண்டியாக வருவதில்லையா, ஆள் மாறினாரா? பட்டப்பெயர் மருந்துக்கும் பொதுப்பெயர் மருந்துக்கும் உரிமம் ஒன்று, சட்டம் ஒன்று, தரநூல் ஒன்று. அட்டையைத் திருப்பிப் பாருங்கள். தயாரிப்பவர் என்று ஒரு பெயரும், விற்பனை செய்பவர் என்று வேறொரு பெயரும் இருப்பதைக் காண்பீர்கள். இமாசலத்துப் பத்தி போன்ற ஊர்களில், ஒரே கூரையின் கீழ்ப் பல நிறுவனங்களுக்கு மாத்திரை செய்து கொடுப்பது நாளும் நடக்கும் தொழில்.

இன்னொரு புரளி படித்தவர்களிடையே உலவுகிறது. "எண்பது பங்கு மருந்து இருந்தால் போதுமாம், சட்டமே அனுமதிக்கிறதாம்!" என்கிறார்கள். அரைகுறையாகப் படித்த எண் இது. நான் கல்லூரியை நடுவில் விட்டு வந்தவன். ஆயினும் இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ளப் பட்டம் வேண்டியதில்லை. மாத்திரைக்குள் இருக்க வேண்டிய மருந்தின் அளவு வேறு. அதற்குத் தரநூல் குறுகிய எல்லை வகுத்திருக்கிறது. எண்பது என்ற எண் வருவது வேறொரு சோதனையில். நலமுள்ள சிலருக்கு மூல மருந்தையும் பொதுப்பெயர் மருந்தையும் சில நாள் இடைவெளியில் கொடுத்து, நேரத்துக்கு நேரம் இரத்தம் எடுத்து, எவ்வளவு மருந்து இரத்தத்தில் சேர்ந்தது என்று அளப்பார்கள். இரண்டின் சராசரிகளையும் வகுத்துக் கிடைக்கும் விகிதம் மட்டுமன்றி, அதில் இருக்கக்கூடிய பிழையின் கீழெல்லையும் மேலெல்லையுங்கூட நூற்றுக்கு 80-க்கும் 125-க்கும் உள்ளே முற்றும் அடங்க வேண்டும். இருபது பங்கு குறைந்த மருந்து இந்தக் கயிற்றைத் தாண்டவே முடியாது.

இந்தச் சோதனையை எல்லா மருந்தும் கடந்திருக்கிறதா என்றால், இல்லை. நீரில் எளிதிற் கரையாத மருந்துகளுக்கு 2017-இல்தான் இங்கு இது கட்டாயமாயிற்று. அதற்கு முன் உரிமம் பெற்றவற்றில் பல இதைக் காணாதவை. ஆனால் அக்குறை பட்டப்பெயர் பூண்டவற்றுக்கும் உண்டு! சோதனை வேண்டுமென்றால் இரண்டுக்கும் வேண்டும். வாருங்கள், சேர்ந்து கேட்போம்.

ஒரு சில மருந்துகளில் மட்டும் எச்சரிக்கை தேவை. வலிப்புக்கான ஃபெனிட்டாயின், இரத்தம் உறையாதிருக்கத் தரும் வார்ஃபரின், தைராய்டு மாத்திரை, மாற்றுச் சிறுநீரகம் பெற்றோர் உண்ணும் சைக்ளோஸ்போரின் ஆகியவற்றில் நூலிழை வேற்றுமையும் உடலுக்குத் தெரியும். இவற்றில் ஒரு நிறுவனத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதானால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாறுங்கள். பட்டப்பெயரிலிருந்து பட்டப்பெயருக்கு மாறினாலும் இதேதான்.

இனி, நெஞ்சு நடுங்க ஒன்றைப் பேச வேண்டியிருக்கிறது. 2025 செப்டம்பர், அக்டோபர் திங்களில், மத்தியப் பிரதேசத்துச் சிந்துவாராப் பகுதியில் இருமலுக்கு மருந்து குடித்த குழந்தைகள் சிறுநீர் பிரியாமல் துடித்து மாண்டன. இருபதுக்கு மேற்பட்ட பச்சிளங் குழந்தைகள்! அந்தக் குப்பி செய்யப்பட்டது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது, டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு அதில் நூற்றுக்கு 48.6 பங்கு இருந்தது. இருக்கத்தக்க எல்லை 0.1 பங்கு. மருந்தைக் கரைக்கும் திரவமாக மருத்துவத் தரமுள்ள புரோப்பிலீன் கிளைக்கால் சேர்க்க வேண்டும். அந்தத் திரவத்தில் இந்த நஞ்சு கலந்திருக்கிறதா என்று பீப்பாய் பீப்பாயாகச் சோதித்தபின்பே கொப்பரையில் ஊற்ற வேண்டும். அந்த ஒரு படியைத் தாண்டிக் குதித்தால் பிணங்கள் விழும்.

புதிய பாடமா இது? 1937-இல் அமெரிக்காவில் இதே நஞ்சு நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்றது; அடுத்த ஆண்டே அங்கு புதிய சட்டம் வந்தது. 1972-இல் சென்னை எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனையில் பத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளைக் கொன்றது. 1986-இல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் பதினான்கு உயிரைக் குடித்தது. எழும்பூரில் அழுத தாய்மாரின் கண்ணீர் காயுமுன் நாம் கற்றிருக்க வேண்டிய பாடத்தை, ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் காஞ்சிபுரத்துத் தொழிற்கூடம் கற்கவில்லை. அதைக் கண்காணிக்க வேண்டியவர்களும் கற்பிக்கவில்லை. அது நம் மாநிலத்தில் உரிமம் பெற்ற தொழிற்கூடம். டெல்லியின் மேல் பழிபோட்டுத் தப்புவது நமக்கு அழகன்று. டெல்லி நம்மேல் பழிபோட்டுத் தப்புவதும் அதற்கு அழகன்று. புலி தின்றபின் யார் வேலி என்று வழக்காடுகிறார்கள்.

"பார்த்தாயா, மலிவு மருந்தின் இலட்சணத்தை?" என்று அன்று பலர் கை தட்டினார்கள். அவர்களைக் கேட்கிறேன்: அந்தக் குப்பியின்மேல் இயற்பெயர் மட்டுமா இருந்தது? கோல்ட்ரிஃப் என்ற அழகான பட்டப்பெயர் இருந்தது! பெயர் காப்பாற்றிற்றா? மருத்துவர் சீட்டில் அந்தப் பட்டப்பெயரைத்தானே எழுதினார்? குழந்தைகளைக் காத்திருக்கக் கூடியது பட்டப்பெயரன்று. ஒரு சோதனைக் குழாய்.

சோதனையால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று தேடித் தொலைவு போக வேண்டாம். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் தொடங்கப்பட்டது. அரசு மருத்துவமனைகளுக்கு வேண்டிய மருந்துகளை இயற்பெயரிலேயே ஏலங்கோரி மொத்தமாக வாங்குகிறது. முதலில் தகுதி உறை. அதில் தேறினால்தான் விலை உறையைப் பிரிப்பார்கள். மாவட்டக் கிடங்குக்கு வந்த மருந்து நேரே நோயாளிக்குப் போவதில்லை. மாதிரி எடுத்து, செய்தவர் பெயரை மறைத்து, எண் மட்டும் இட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். ஆய்வு செய்பவருக்கு அது பெரிய முதலாளியின் சரக்கா சிறியவரின் சரக்கா என்று தெரியாது. தேறினால் வழங்கு, தவறினால் திருப்பு. கேரளமும் இராசத்தானும் பின்னாளில் இம்முறையைப் பார்த்தே தம் கழகங்களை அமைத்தன. இயற்பெயரும் சோதனையும் கைகோத்தால் மலிவும் தரமும் ஒரே பாத்திரத்தில் நிற்கும் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுமா? இந்தத் துணியை அரசு மருத்துவமனைச் சுவரோடு நிறுத்தாமல் கடைத்தெருவுக்கும் கொண்டுவா என்பதே நம் கோரிக்கை. எந்த மருந்து, எந்தத் தொகுதி, எந்தச் சோதனையில் தவறியது என்று ஊரறிய, தமிழில், உடனுக்குடன் அறிவிக்க வேண்டும்.

வீட்டுக்குள்ளும் இயற்பெயருக்கு வேலை உண்டு. பணம் போவது ஒருபுறம். பெயர் தெரியாமல் உயிரே போகும். கணக்கிட்டுப் பாருங்கள். காய்ச்சலுக்கு 650 மில்லிகிராம் மாத்திரை நாளுக்கு நான்கு: 2,600. சளிக்கென்று வாங்கிய மாத்திரை சிலவற்றில் பாராசிட்டமால் 500 உண்டு. மூன்று வேளைக்கு 1,500. உடம்பு வலிக்கென்று விழுங்கியதில் 325 உண்டு. இரு வேளைக்கு 650. ஆக 4,750! வளர்ந்தவருக்கு ஒரு நாளின் உச்ச எல்லையே 4,000. குடிப்பழக்கம் உள்ளவருக்கும் உடல் மெலிந்தவருக்கும் அதனினும் குறைவு. மூன்று பட்டப்பெயர்களை விழுங்கியவர் மூன்று மருந்து தின்றதாக நினைக்கிறார். கல்லீரலோ ஒரே மருந்தை மூன்று வாசல் வழியாக வாங்கி வேகிறது. அட்டையில் இயற்பெயரைப் படித்திருந்தால் இரண்டாவதைத் தொட்டிருக்கமாட்டார். பட்டப்பெயரைவிட இயற்பெயரைப் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்று 2018-இல் விதியே வந்திருக்கிறது. மூன்றோ அதற்கு மேலோ மருந்து கலந்த கூட்டு மருந்துகளுக்கு அந்த விதியில் விலக்குத் தந்துவிட்டார்கள். மூன்று மருந்து கலந்த இடத்தில்தானே எழுத்து பெரிதாக வேண்டும்!

பெயர்க் குழப்பம் நீதிமன்றம் வரை போனதும் உண்டு. மூளை மலேரியாவுக்கு ஃபால்சிகோ என்று ஒன்றும் ஃபால்சிடாப் என்று ஒன்றும் விற்றார்கள். உச்சரித்துப் பாருங்கள்; இரட்டைப் பிள்ளைகள் போலில்லையா? உள்ளே இருந்தவை இருவேறு மருந்துகள். பெயர் மயக்கம் மருந்தில் நேர்ந்தால் உயிருக்கே கேடு என்று 2001-இல் உச்சநீதிமன்றம் கடிந்துரைத்தது.

குழந்தைக்கான பாராசிட்டமால் குப்பியில், 5 மில்லிலிட்டருக்கு 120 மில்லிகிராம் உள்ளதும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. போன முறை ஊற்றிய அதே அளவை இம்முறையும் ஊற்றும் தாய், அறியாமலே இரு மடங்கு ஊற்றிவிடுகிறாள். அடுக்களைக் கரண்டியால் அளக்காதீர்கள். குப்பியோடு வரும் மூடியாலோ குழலாலோ அளந்து ஊற்றுங்கள்.

கடையில் சென்று "ஒரு செட்டு மாத்திரை கொடுங்கள்" என்று கேட்கும் பழக்கம் நம் ஊர்களில் வேரோடிப் போயிருக்கிறது. காகிதப் பொட்டலத்தில் நிறத்துக்கொன்றாக நான்கு மாத்திரைகள். பெயருமில்லை, அளவுமில்லை, தயாரித்தவர் முகவரியுமில்லை. வலிநீக்கி இருக்கும், சிறுநீரகம் பழுதானவருக்கு அது நஞ்சு. சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். ஒரே இரவில் எழுந்து நடப்பார், பிறகு பல நாள் படுப்பார். தொழிலாளத் தோழர்கள், ஒரு நாள் கூலி போய்விடுமே என்ற அச்சத்தில்தான் இதை விழுங்குகிறார்கள். அந்த அச்சம் எனக்குப் புரிகிறது. எந்த மாத்திரையானாலும் அட்டையோடு வாங்குங்கள். வெட்டித் தரும் துண்டில் பெயரும் காலாவதி நாளும் இல்லையென்றால் மறுத்துவிடுங்கள்.

அட்டையில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால் அது மருத்துவர் சீட்டின்றி வாங்கத் தகாதது. நுண்ணுயிர்க்கொல்லிகள் அந்த வகை. வைரசால் வரும் சாதாரணச் சளிக்கு அவை எள்ளளவும் பயன்படா. பாதியில் நிறுத்துவது, மிச்சத்தை அண்ணன் மகனுக்குக் கொடுப்பது, மூன்றாண்டுக்கு முந்தைய சீட்டைக் கொண்டுபோய் வாங்குவது ஆகியவற்றால், நாளை உண்மையான நோய் வரும்போது மருந்து தோற்கும்படிக் கிருமிகளை நாமே பழக்குகிறோம். மருந்து மலிவாயிற்று என்பதற்காகக் கடலை போல் கொறிக்கலாம் என்று பொருளன்று.

கிளைத் தோழர்களுக்குச் சில வேலைகள். இனி மருத்துவரிடம் சென்றால், "ஐயா, இயற்பெயரையும் எழுதித் தாருங்கள்" என்று பணிவோடு கேளுங்கள். எல்லா எழுத்தும் படிக்கும்படியாக. அரசு மருத்துவமனையில் கிடைக்கும் மருந்தைக் கடையில் வாங்கிப் பெருமை கொள்ளாதீர்கள். நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் ஆயுள் முழுதும் மாத்திரை உண்பவர்கள், இயற்பெயரில் விற்கும் மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்பிரவரி 24 முதல் ஊரூராகத் திறக்கப்பட்ட முதல்வர் மருந்தகத்திலும் விலை கேட்டுப் பாருங்கள். தனியார் கடையில் பொதுப்பெயர் மருந்தென்று தரும்போதும், அட்டையில் அச்சிட்ட உச்ச விலையைப் பாருங்கள். கடைக்காரருக்கு மலிவாக வந்ததை நமக்குப் பழைய விலைக்கே விற்பதும் உண்டு. விலை உச்சவரம்புப் பட்டியலில் உள்ள மருந்துகளுக்குத்தான் அரசு விலை வகுக்கிறது. பட்டியலுக்கு வெளியே இருப்பவற்றுக்கு ஆண்டுக்குப் பத்து விழுக்காடு வரை ஏற்றிக்கொள்ள நிறுவனங்களுக்கு வழிவிட்டிருக்கிறது.

படிப்பகங்களில் நாளேடு தொங்கும் சுவருக்கு அருகே ஒரு பலகை வையுங்கள். ஊரில் அதிகம் உண்ணப்படும் பத்துப் பன்னிரண்டு மாத்திரைகளின் பட்டப்பெயர்களை ஒருபுறமும் இயற்பெயரை மறுபுறமும் எழுதுங்கள். மருந்தியல் படித்த தோழர் ஒருவரை அழைத்து, எழுத்துக்கு எழுத்து சரிபார்த்தபின் மாட்டுங்கள். எந்த மருந்தை உண்ணலாம் என்று மட்டும் அதில் எழுதாதீர்கள். அது மருத்துவர் வேலை. மருந்துண்டபின் தடிப்போ, மூச்சுத் திணறலோ, வேறு கேடோ ஒருவருக்கு வந்தால் முதலில் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். அதன்பின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தாரின் 1800-180-3024 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள், கட்டணமில்லை. பேசும்போது அட்டை கையில் இருக்கட்டும். இயற்பெயர், தயாரித்தவர் பெயர், தொகுதி எண் மூன்றையும் கேட்பார்கள்.